ரென்னுக்கு மூச்சு வாங்குகிறது

டிரெய்லரிலிருந்து எங்கள் நாய் ரென்னை இறக்கி வேலியோரம் கூட்டிப்போனபோது, எல்லோரையும் போல நானும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் காலையிலிருந்தே மனதில் ஓர் உறுத்தல். கையிலிருந்த எனாமல் குவளையில் மிச்சமிருந்த டீயைக் கொட்டிவிட்டு, அவள் குந்தியதும் குவளையைப் பின்னங்கால்களுக்கு நடுவே நீட்டினேன். ரென் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். உனக்குப் பைத்தியமா என்று கேட்கிற பார்வை அது.

குவளையின் உட்புறம் நல்ல வெள்ளை. அதில் விழுந்ததோ கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். காலையில் ரோஜா நிறத்தில் இருந்த ஈறு வெளுத்து, ஓரத்தில் மஞ்சள் தட்டியிருந்தது. விலா இரண்டும் துருத்திபோல ஏறி இறங்கின. அவ்வளவுக்கும் நடுவில் வால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. ஸ்பிரிங்கர் இன வேட்டை நாய்க்கு உயிர் போனாலும் வால் கடைசியில்தான் நிற்கும்.

மேட்டுப் பக்கம் துப்பாக்கி வெடித்தது. எங்களுக்கு முந்தின நாய் வேட்டைப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் ரென்னைக் கூப்பிடுவார்கள். முயலைப் புதரிலிருந்து கிளப்ப வேண்டும், கிளம்பியதும் அப்படியே உட்கார வேண்டும், சுட்டு விழுந்ததைச் சொன்ன பிறகு போய் எடுத்து வர வேண்டும். ரென் இதை ஒழுங்காகச் செய்தால் தேசியக் கோப்பை எங்களுக்கு. என் கணவன் லாய்ட் கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற ஒரே பொருள் அதுதான். எனக்கும் அது வேண்டும். சமையலறை அலமாரியில் அதற்கென்று ஓர் இடத்தைத் துடைத்துத் துடைத்து நானே வைத்திருந்தேன்.

அந்தச் சிறுநீரைப் பார்த்து நான் ஏன் பயந்தேன் என்று சொல்ல வேண்டும். ஏப்ரல் மாதம் எங்கள் வேட்டைநாய்ச் சங்கத்தில் கூமா ஊரின் கால்நடை டாக்டர் மேவ் வந்து பேசினாள். சின்னப் பெண், கட்டை குட்டையாக இருப்பாள், பேச்சில் மட்டும் சுற்றி வளைக்கிற வேலை கிடையாது. ஸ்பிரிங்கர் நாய்களில் சில வம்சங்களில் ஒரு குறை உண்டு என்றாள். ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் சர்க்கரையை எரித்துச் சக்தியாக்குகிற என்சைம் ஒன்று இல்லாமலே சில குட்டிகள் பிறக்கின்றன. சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. வெறி பிடித்த மாதிரி ஓடினாலோ, கத்தினாலோ, வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் மூச்சு வாங்கினாலோ, அந்த மூச்சே ரத்தத்தின் தன்மையை மாற்றிவிடும். பலமில்லாத அணுக்கள் கூட்டம் கூட்டமாக உடையும். உடைந்தது சிறுநீரில் கறுப்பாக வரும்.

தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரு நோயும் இருக்காது என்றும் சொன்னாள். இரண்டு பேரும் குறையை மறைவாகச் சுமந்தால்தான் குட்டியில் அது வெளிப்படும்.

"ஒரே ஆம்பள நாயோட ரத்தத்தையே பொண்ணு, பேத்தின்னு திரும்பத் திரும்பச் சேர்த்தா அது வராம எங்க போகும்?" என்று அவள் கேட்டபோது, சங்கத்தில் பாதிப் பேர் லாய்டைப் பார்த்தார்கள். எங்கள் போசன்தான் அந்த ஆண் நாய். இந்த மொனாரோ மேட்டில் ஓடுகிற நல்ல நாய்களில் முக்கால்வாசி அவனுடைய பிள்ளை, பேரன். ரென் அவனுக்கு மகளும் பேத்தியும். லாய்ட் அதைப் பெருமையாகச் சொல்வான். எல்லா நாய்க்கும் சோதனை செய்து தருகிறேன் என்று மேவ் சொன்னதும், "வெளிய சாசேஜ் கருகுது" என்று எழுந்துபோய்விட்டான். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

"செத்துப்போன நாயப் பொதைக்கறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் போடுங்க," என்று மேவ் கடைசியில் சொன்னாள். அப்போது எங்கள் சங்கத்து மெர்வ் ஸ்கீனின் நாய் ரூக் செத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

ரூக்கும் போசனின் மகன். ஜனவரி மாதக் கோடை வெயிலில், பயிற்சி நாளன்று, மெர்வ் அவனைத் தன் பிக்கப் வண்டியின் நாய்ப்பெட்டிக்குள் விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு மேசை போட உதவப் போனான். வண்டி நின்றது நிழலில்தான். ரூக் பெட்டிக் கம்பி வழியே மற்ற நாய்கள் ஓடுவதைப் பார்த்துக் கத்தித் தீர்த்தான். சாயங்காலம் செத்துப்போனான். அவன் கறுப்பாகச் சிறுநீர் கழித்தான் என்று மெர்வ் எல்லோரிடமும் சொன்னான். லாய்ட் கூட்டத்தில் எழுந்து, "வெந்துபோன நாய்க்கு அப்படித்தான் போகும், நீ அவனப் பெட்டில போட்டு வேகவெச்சுட்ட," என்றான். எல்லோரும் அதை நம்பினார்கள். மெர்வே நம்பினான். நடுவர் வேலையை விட்டான். வேறு நாய் வாங்கவில்லை. பெட்டியின் கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு அதில் விறகு ஏற்றினான். இன்றைக்குச் சுடுகிறவர்களில் ஒருவனாக மட்டும் வந்திருந்தான். நல்ல குறிகாரன் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் எங்கள் டிரெய்லரைத் தாண்டிப் போனபோது ரென்னைப் பார்த்தான், உடனே தலையைத் திருப்பிக்கொண்டான்.

டிரெய்லரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் முட்டாள்தனம் புரியாது. எங்கள் ஆட்கள் போட்டிக்கு வந்தால், நாய்கள் இருக்கிற பெட்டிகளை முயல் ஓடுகிற மைதானத்தைப் பார்த்தே நிறுத்துவார்கள். நாய் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கம்பியைப் பிறாண்டிக் கத்த வேண்டும். இதற்குச் 'சூடு ஏற்றுவது' என்று பெயர். பெட்டிக்குள் ஊரைக் கூட்டிவிட்டு, களத்தில் இறங்கியதும் வாயைத் திறக்காத நாய்தான் முதல் தரம். களத்தில் ஒரு குரைப்பு கேட்டாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு ஆகஸ்ட் குளிர்காலம், ஆனால் அன்று அதற்கு ஒவ்வாத வெயில், வடமேற்கிலிருந்து காய்ந்த காற்று. ரென் காலையிலிருந்து பெட்டிக்குள் அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். லாய்ட் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுக் கச்சேரி கேட்பதுபோல ரசித்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவன் விசிலைச் சுழற்றிக்கொண்டே வேலிப்பக்கம் வந்தான்.

"என்ன பண்ற நோலி? அடுத்தது நாமதான். கையில என்ன?"

"உன் ராணியோட மூத்திரம்."

சிரித்துக்கொண்டேதான் எட்டிப் பார்த்தான். சிரிப்பு நின்றது. குவளையை என் கையிலிருந்து வாங்கினான், இரண்டு பக்கமும் பார்த்தான், அப்படியே புல்லில் கவிழ்த்தான்.

"தண்ணி கம்மியா குடிச்சிருக்கா. வேற ஒண்ணுமில்ல."

"ஈறப் பாரு லாய்ட்."

"பாத்தாச்சு."

"எங்க பாத்த? குனியவே இல்ல நீ. மஞ்சளா இருக்கு. மேவ் சொன்னது ஞாபகம் இருக்கா? ஓ, நீதான் சாசேஜ் பொரட்டப் போயிட்டியே!"

"அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? பசு மாட்டுக்குக் கைய விட்டுட்டு இருக்கறவ. என் வம்சத்துல அதெல்லாம் கெடையாது."

"சோதிச்சாத்தானே தெரியும்!"

அவன் குரலைத் தாழ்த்தினான். "அஞ்சே நிமிஷம் நோலி. ரெண்டு முயலு, ஒரு தடவ எடுத்துட்டு வரணும், அவ்ளோதான். முடிஞ்சதும் நேரா டாக்டர்கிட்ட போயிடலாம். நானே வண்டி ஓட்டறேன்."

"அந்த அஞ்சு நிமிஷத்துல செத்துட்டா?"

"சாக மாட்டா. காலைல ரெண்டு சுத்து ஓடினா, செத்தாளா?"

அதுதான் என்னைக் குழப்பியது. காலையில் அவள் ஓடியதைப் பார்த்தவர்கள் பேச்சு மறந்து நின்றார்கள். நோய் பிடித்த நாய் அப்படி ஓடுமா? ஒருவேளை நான்தான் பயந்து சாகிறேனோ என்று தோன்றியது. என் பெயரில் பதிவான நாய், நான்தான் ஓட்ட வேண்டும், லாய்ட் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போகக்கூடாது என்பது விதி. அந்த விதி மட்டும் இல்லையென்றால் அவன் அப்போதே போயிருப்பான்.

"சரி, ஓட்ட வேண்டாம்னா ஓட்டாத," என்றான் சட்டென்று. "ஆனா உள்ளங்கால்ல கண்ணாடி குத்திடுச்சுன்னு சொல்லு. கேட்டியா? கண்ணாடி."

ஏன் அப்படிக் கெஞ்சினான் என்று எங்கள் சங்கத்தில் எவருக்கும் தெரியும். இறுதிச் சுற்றிலிருந்து நாயை விலக்குகிறவர், நடுவர் முன்னால் நின்று, கூடியிருப்பவர்கள் காதில் விழும்படி காரணத்தைச் சொல்ல வேண்டும். பின்னால் வதந்தி கிளம்பக்கூடாது என்பதற்காக என்றைக்கோ வந்த பழக்கம். நான் உண்மையைச் சொன்னால் ரென் மட்டும் விலகமாட்டாள். போசனின் பிள்ளைகள், பேரன்கள், அவர்களை வைத்திருக்கிற அத்தனை வீடுகள், லாய்ட் இத்தனை காலமும் கட்டின வம்சம் முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் போகும்.

"பதினோராம் நம்பர்! ரென்!" என்று மேட்டிலிருந்து குரல் வந்தது.

நான் நடந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று அந்த நிமிடம் எனக்கே தெரியாது. ரென் என் இடது காலோடு ஒட்டி நடந்தாள். களத்தில் கால் வைத்ததும் கத்தல் நின்றுவிட்டது, வளர்த்த விதம் அப்படி. ஆனால் மூச்சு நிற்கவில்லை. காய்ந்த புல்லைத் தாண்டி அந்த மூச்சு மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே வந்தது.

நடுவர் ஹில்டா கையைத் தூக்கினாள். இரண்டு பக்கமும் சுடுகிறவர்கள் நின்றார்கள். வலது பக்கம் மெர்வ். கயிற்றுக்கு அப்பால் கூட்டம். லாய்ட் முன்வரிசையில் வந்து நின்றுகொண்டு, தன் உள்ளங்கையை விரலால் குத்திக் காட்டினான். கண்ணாடி, கண்ணாடி.

"தயாரானதும் விடலாம் நோலீன்," என்றாள் ஹில்டா.

நாயைக் கழுத்துக் கயிறு இல்லாமல்தான் ஓட்ட வேண்டும். குனிந்து சுருக்கைத் தளர்த்தினேன். அது காதுவரை வந்துவிட்டது. என் விரல் அவள் தாடைக்குக் கீழே பட்டது. நாடி எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, உடம்பு கொதித்தது.

அந்த நேரம் பார்த்து, யாரும் கிளப்பாமலே, எங்களுக்கு நேர் எதிரே கொத்துப்புல்லிலிருந்து ஒரு முயல் பாய்ந்தது. ரென்னின் மூக்குக்கு நேராக ஓடியது. எந்த நாயும் துரத்தியிருக்கும். ரென் பட்டென்று உட்கார்ந்தாள். வாய் மூடியிருந்தது. ஒரு சத்தம் இல்லை. முயல் சரிவில் மறையும்வரை கண்ணை எடுக்காமல், உடம்பு முழுதும் நடுங்க, உட்கார்ந்தபடியே இருந்தாள்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "என்ன அழகு!" என்று ஹில்டா தன்னை மறந்து சொல்லிவிட்டாள். கோப்பை எங்களுடையது என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்தது.

ரென் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணின் வெள்ளை, வெயிலில், மஞ்சளாக இருந்தது. போகட்டுமா என்று கேட்டாள். நான் ஒரு விசில் கொடுத்தால் செத்து விழும்வரை ஓடியிருப்பாள். அப்படி ஓட வேண்டும் என்றுதானே அவளை உண்டாக்கினோம்!

சுருக்கை மறுபடி கழுத்துக்கு இறக்கி இறுக்கினேன்.

"நாய விலக்கிக்கறேன்," என்றேன்.

ஹில்டா புரியாமல் பார்த்தாள். "என்னது? இவ்வளவு நல்லா... காரணம் சொல்லணும் நோலீன். தெரியுமில்ல?"

லாய்டைப் பார்த்தேன். உள்ளங்கையைக் குத்திக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றிருந்தது. முப்பது வருஷமாக அடுப்படியில் என்னோடு உட்கார்ந்து டீ குடிக்கிற மனுஷன். அவன் பாவம் என்றும் தோன்றியது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

"ரத்தத்துல கொற," என்றேன் சத்தமாக. "கறுப்பா மூத்திரம் போறா. ஈறு மஞ்சளா இருக்கு. கத்திக் கத்தி மூச்சு வாங்கினதுல அவ ரத்தம் ஒடையுது. பொறவியிலேயே வர்ற கொற. எங்க போசன்கிட்டேருந்து வந்திருக்கணும். டாக்டர் பாத்துத்தான் உறுதியா சொல்லணும், ஆனா நான் பாத்தத நான் சொல்றேன்."

லாய்ட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

முதலில் அசைந்தது மெர்வ். துப்பாக்கியை மடக்கித் தோட்டாக்களை உருவிப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்தான். என்னிடம் வந்து மண்டியிட்டான். ரென்னின் உதட்டைக் கட்டை விரலால் தூக்கினான், கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மூத்திரம் கோலா மாதிரியா?" என்றான்.

"கடுங்காப்பி மாதிரி."

"ரூக்குக்கும் இதே மஞ்சள்." உதட்டை விடவில்லை அவன். "நோலீன், எங்கிட்ட மழுப்பாம சொல்லு. அப்போ நான் பெட்டில விட்டதால இல்லையா?"

"அதுல கத்தினதால. நாம எல்லாருமே கத்த விட்டோமே மெர்வ்."

"கம்பி வழியா காத்து வந்துச்சு," என்றான். "தண்ணி வெச்சிருந்தேன். நெழல்லதான்..." பெரிய ஆள், எல்லோருக்கும் முன்னால் தோள் குலுங்க ரென்னின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டான். ரென் அவன் காதை நக்கினாள்.

பிறகு அவனே எழுந்து, "நடக்க விடாத, தூக்கு," என்றான். நான் தூக்குவதற்குள் அவனே தூக்கிக்கொண்டான். அவனுடைய வண்டியில் போனோம். விறகுப் பெட்டியில் அவளை வைக்கவில்லை. முன் இருக்கையில், சூடு தணிய அவன் தண்ணீரில் நனைத்துப் போட்ட கோட்டின்மேல், என் மடியில் தலை. வழியெல்லாம் அவள் கண்ணைக் கையால் மறைத்துப் பிடித்திருந்தேன், வெளியே முயலையோ பறவையையோ பார்த்துவிடக்கூடாதே என்று. அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே போனதில், கூமா வந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

மேவ் ரத்தம் எடுத்து இயந்திரத்தில் சுழற்றினாள். தெளிந்து நிற்க வேண்டிய நீர், பீட்ரூட் கழுவிய தண்ணீர் போல இருந்தது. குளிர்ந்த அறையில், இருட்டில், குழாயில் மருந்து ஏற்றிப் படுக்கவைத்தாள்.

"மரபணுச் சோதன முடிவு வர நாளாகும். ஆனா எனக்குச் சந்தேகமில்ல," என்றாள். "பொழச்சுக்குவா. இன்னும் ரெண்டு முயல் தொரத்தியிருந்தா நான் இப்படிச் சொல்ல முடியாது. இனிமே ஓட்டம் கெடையாது, கத்தல் கெடையாது. சோபாவுல படுக்கவெச்சுப் பாத்துக்கிட்டா கெழவியாகற வரைக்கும் இருப்பா."

"சோபாவா?" என்றேன். "ஒரு ஸ்பிரிங்கரா?" சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் அவளை வைத்திருக்கப் போகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

வெளியே டிரெய்லர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். லாய்ட். அவன் கிளம்பி வரமாட்டான் என்றே நினைத்திருந்தேன். டிரெய்லர் மேல் முழுக்கத் தார்ப்பாய் போர்த்தி, நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தான். உள்ளே நாய்கள் இருட்டில் அமைதியாக இருந்தன. சுவரைப் பார்க்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கினான்.

முதல் நாயோடு உள்ளே வந்தான். மெர்வ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. மேவிடம் மட்டும், "எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்துக்கம்மா," என்றான். "போசனுக்கும். அவன் வீட்ல இருக்கான், நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன்."

மறுபடி வெளியே போனான். அடுத்த நாயோடு வரும்போது இரண்டு கையும் நிறைந்திருந்தது, கதவைத் திறக்க முடியவில்லை. மெர்வ் எழுந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டான்.

லாய்ட் வாசலிலேயே நின்றுவிட்டான். நாயைக் கீழே விடவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவழியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரூக்க எங்க பொதச்ச?" என்று கேட்டான்.

மெர்வ் கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்தான்.

"ஏரிக்கரைல," என்றான் பிறகு. "அந்தப் பெட்டிக் கதவத்தான் மேல வெச்சிருக்கேன். நரி தோண்டாம இருக்க."

லாய்ட் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். மெர்வ் அவன் கையிலிருந்து நாயை வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் உள்ளே நடந்தான்.